பவளக் கணக்கெடுப்புக்கு ஒலிம்பஸ் டிஜி-6: தென்கடலில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், பவளம் ஆராயப் போகிறவர் அங்கிருந்து விரல் நீளத் துண்டைக்கூட உடைத்துக்கொண்டு வந்துவிட முடியாது. கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே உள்ள தீவுகளும் அவற்றைச் சுற்றிய பார்களும் (பவளத் திட்டுகளும்) 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிக் கடிதத்தில் 'மாதிரி எடுக்கலாம்' என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய, வேலை முடிந்து கரைக்கு வருவது படங்கள் மட்டும்தான். அதனால் இங்கே கேமரா வாங்குவது சுற்றுலாவுக்கு வாங்குவதுபோல் ஆகாது. இன்று எடுக்கும் படத்தை அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே இடத்தில் எடுக்கும் படத்தோடு வைத்து, பவளம் கூடியதா குறைந்ததா, வெளுத்ததா (உயிரோடிருந்தும் நிறமிழந்ததா) செத்ததா என்று சொல்ல முடிய வேண்டும். ஒலிம்பஸ் டஃப் டிஜி-6ஐ அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

2019இல் வந்த கேமரா இது. 2021இல் ஒலிம்பஸின் கேமரா தொழில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. 2023இல் அவர்கள் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் டிஜி-7ஐ வெளியிட்டார்கள். லென்ஸ், 12 மெகாபிக்சல் சென்சார், உடலின் அமைப்பு எல்லாம் பெரும்பாலும் பழையபடியே. டிஜி-7இல் சார்ஜ் செய்யும் துளை யுஎஸ்பி-சி ஆகிவிட்டது, ப்ளூடூத் ரிமோட்டிலும் இயக்கலாம். படத்தின் தரத்துக்காக 6ஐக் கொடுத்துவிட்டு 7 வாங்க வேண்டியதில்லை. கீழே சொல்வதில் அநேகமாக எல்லாமே இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஆழம். ஹவுசிங் (தண்ணீர் புகாத வெளிக்கூடு) இல்லாமல் 15 மீட்டர் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில் பெரும்பகுதி ஐந்தாறு மீட்டருக்குள் இருப்பதால், எண்ணை மட்டும் பார்த்தால் வெறும் கேமராவே போதும். ஆனால் தண்ணீர் உள்ளே போவதற்கு ஆழம் காரணமாவது அரிது. அடியில் பேட்டரி கதவு, பக்கத்தில் கேபிள் கதவு என்று இரண்டு கதவுகள். இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. கதவின் ரப்பரில் ஒரு மணல் துகளோ, தலைமுடியோ, துண்டிலிருந்து உதிர்ந்த பஞ்சு இழையோ சிக்கினால் போதும். இரண்டு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் புகும். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தமே ரப்பரைக் கதவோடு சேர்த்து அமுக்கும். மேல்மட்டத்தில் அந்த அமுக்கம் இல்லை, அதனால் சிறு கசிவுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. கேமராவைக் கையில் பிடித்தபடி வள்ளத்திலிருந்து குதிப்பதையும் தவிர்க்க வேண்டும்; தண்ணீரில் மோதும் அந்த நொடியின் அதிர்ச்சியைக் கதவுகள் வாங்குகின்றன. முதலில் ஆள் இறங்கட்டும், பிறகு படகிலிருப்பவர் கேமராவைக் கையில் கொடுக்கட்டும்.

கதவைத் திறப்பது கரையில், உலர்ந்த கையோடு, காற்றில்லாத இடத்தில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தது என்று வள்ளத்தில் வைத்துத் திறந்த கேமராக்கள்தான் அதிகம் செத்திருக்கின்றன. மூடுவதற்கு முன் ரப்பரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இழை விடாத துணியால் ஒருமுறை சுற்றித் துடைத்து, கதவின் உள்விளிம்பையும் துடையுங்கள். ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது நிறுவனம். உப்பும் வெயிலும் சேர்ந்தால் ரப்பர் தன் மென்மையை இழந்து இறுகிவிடும் என்பதால் அது வீண் செலவு அல்ல. அந்த வேலையை எந்த ஊரில் செய்து தருவார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கதவுகள் மூடியபடியே நல்ல தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, எல்லாப் பொத்தான்களையும் தண்ணீருக்குள்ளேயே பலமுறை அழுத்துங்கள். பொத்தானின் அடியில் காய்ந்த உப்பு அடுத்த முறை அதை அழுத்திய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். படகில் ஒரு மூடி போட்ட வாளி நல்ல தண்ணீர் நிழலில் இருக்கட்டும். இரண்டு டிரான்செக்டுக்கு (நாடா விரித்து எண்ணும் கோட்டுக்கு) நடுவே கேமரா அதில் கிடந்தால் உப்பும் காயாது, சூடும் ஏறாது. வெயிலில் சுட்ட கேமராவைக் கடலில் இறக்கினால் லென்ஸின் உட்பக்கம் பனிக்கும். முன்கண்ணாடி இரட்டை அடுக்காக இருப்பதால் டிஜி-6 இதை ஓரளவு தாங்குகிறது, முழுதாக இல்லை.

இனி, எண்ண வேண்டிய பரப்பைக் குறிக்கப் பாரின் மேல் வைக்கும் சதுரச் சட்டத்துக்கு (குவாட்ரட்) வருவோம். இந்தக் கேமராவின் பலமும் குறையும் ஒன்றாகத் தெரிவது அங்கேதான்.

50 செ.மீ. × 50 செ.மீ. குவாட்ரட்டை முழுதாக ஒரே படத்தில் அடக்குவது வழக்கமான வேலை. டிஜி-6இன் லென்ஸ் அகலமான நிலையில் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 25 மி.மீ. லென்ஸுக்குச் சமம். கரையில் சட்டத்தை வைத்துப் பார்த்தால் 48 செ.மீ. உயரத்திலேயே முழுச் சட்டமும் அடங்கிவிடும். அதை நம்பி ஸ்டாண்டு செய்தால் தண்ணீருக்குள் சட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். தட்டைக் கண்ணாடி வழியே தண்ணீரைப் பார்க்கும் லென்ஸின் கோணம் ஒளிவிலகலால் சுருங்குகிறது. அங்கே குறைந்தது 68 செ.மீ. வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் படத்தின் அகலம் ஏறத்தாழ 71 செ.மீ., உயரம் 55 செ.மீ. வரும். படத்தின் மேலும் கீழும் இரண்டரை செ.மீ. மிச்சம், இடமும் வலமும் பத்து பத்து செ.மீ. மிச்சம். அந்தப் பத்து செ.மீ. மிகவும் பயன்படும். அடையாளப் பலகையும் சாம்பல் நிற அட்டையும் அங்கே நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும், சட்டத்துக்குள் இருக்கும் பவளத்தை மறைக்காது.

ஸ்டாண்டுக்கு அரை இஞ்ச் பிவிசி பைப்பே சரி. அடியில் உள்விளிம்பு 50 செ.மீ. வருமாறு ஒரு சதுரம், நான்கு மூலைக்கும் எல்போ. எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் பக்கத்துக்கு ஒரு டீ இணைப்பு, அதிலிருந்து நேராக மேலே இரண்டு தூண்கள், மேலே அவற்றை இணைக்கும் குறுக்குப் பைப், அதன் நடுவில் கேமரா பலகை. நான்கு மூலையிலிருந்தும் சாய்த்துக் கட்டும் கால்களைவிட இது எளிது. சாய்வுக்குத் தோதான இணைப்பு கடையில் கிடைக்காது. தூண்கள் படத்தை மறைக்குமே என்று தோன்றும். மறைக்காது. கேமராவை நோக்கி உயர உயரத் தூண் படத்தில் வெளிப்பக்கமாகத்தான் விழும். குறுக்குப் பைப்புக்கு இணையாகப் படத்தின் நீளப் பக்கம் வருமாறு கேமராவைப் பொருத்துங்கள். 75 செ.மீ. என்பது லென்ஸ் முகத்திலிருந்து அளக்க வேண்டியது, பலகையிலிருந்து அல்ல.

பைப்பில் கைக்கு எட்டிய இடமெல்லாம் துளை போடுங்கள். மேலேயும் கீழேயும் துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று ஸ்டாண்டு மிதக்கும். அலை இழுக்கும் இடத்தில் அடிச்சதுரத்துக்குள் கம்பி செருகி எடை கூட்டலாம். ஆனால் எடை கூடக்கூட மான்கொம்புப் பவளத்தின் மேல் வைக்கும்போது கிளை முறியும் அபாயமும் கூடும். மான்கொம்பு அடர்ந்த இடத்தில் ஸ்டாண்டை ஊன்றாமல் இருவர் பிடித்து மேலே நிறுத்துவதே சரி. வெள்ளை பைப்பை அப்படியே விடக் கூடாது. பளிச்சென்ற வெள்ளையைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். பளபளப்பில்லாத சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துவிடுங்கள். பத்து செ.மீ.க்கு ஒரு கறுப்புக் கோடு போட்டுவைத்தால் அளவுகோலும் ஆயிற்று.

வற்று நேரத்தில் தீவோரப் பாரின் மேல் ஒரு மீட்டர் தண்ணீர்கூட இருக்காது. 75 செ.மீ. ஸ்டாண்டு அங்கே தலை நீட்டும். அதற்கென்று 25 செ.மீ. சட்டமும் 38 செ.மீ. உயரமும் கொண்ட இன்னொரு சின்ன ஸ்டாண்டு வைத்துக்கொண்டு நான்கு படமாக எடுக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு லென்ஸின் பார்வையை மிக அகலமாக்கும் ஃபிஷ்ஐ கன்வெர்ட்டர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பரப்பளவு கணக்கிடும் வேலைக்கு அது ஆகாது. ஓரத்தில் இருக்கும் பவளம் சுருங்கியும் நடுவில் இருப்பது பெருத்தும் விழும்போது, பவளம் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்ற கணக்கு எங்கே நிற்கும்?

75 செ.மீ. உயரத்தில் 12 மெகாபிக்சல் என்ன தருகிறது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படத்தின் உயரம் 3000 பிக்சல், அதில் 55 செ.மீ.; ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 54 பிக்சல். ஃபேவியா வகைப் பவளத்தின் கிண்ணங்கள் (பாலிப் என்ற சிற்றுயிர் ஒவ்வொன்றும் குடியிருக்கும் சுண்ணாம்புக் குழிகள்) ஒரு செ.மீ. அளவில் இருப்பதால் தெளிவாக எண்ணலாம். போரைட்டஸ் என்ற இன்னொரு வகையின் கிண்ணம் ஒன்றரை மி.மீ.க்குள்தான்; அதற்குக் கிடைப்பது ஏழெட்டு பிக்சல், கலங்கல் தண்ணீரில் அதுவும் தேறாது. பேரின மட்டத்தில் சதவீதம் சொல்ல இந்தக் கேமரா போதும். இனம் வரை போக வேண்டுமென்றால் சந்தேகம் தரும் ஒவ்வொரு பவளக் கூட்டத்துக்கும் தனியாக நெருக்கப் படம் எடுத்தே ஆக வேண்டும். பெரிய சென்சார் கேமராவும் நல்ல ஹவுசிங்கும் உள்ளவர்கள் இந்த இடத்தில் நம்மைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் அந்த மூட்டையைச் சின்ன வள்ளத்தில் ஏற்றி இறக்கவே தனியாக ஒருவர் வேண்டும்.

நெருக்கப் படத்தில் டிஜி-6க்கு இந்த விலையில் இணை இல்லை. மைக்ராஸ்கோப் நிலையில் லென்ஸுக்கு முன்னால் ஒரு செ.மீ. வரை வந்து ஃபோகஸ் ஆகிறது. வெளுத்த பவளமா, செத்த பவளமா என்பது ஏப்ரல், மே மாதங்களில் தென்கடலில் வேலை செய்கிறவர்களுக்கு உயிர்க் கேள்வி. 2010இலும் 2016இலும் இங்கே பெரிய அளவில் வெளுப்பு வந்து ஏராளமான பவளம் செத்தது. 75 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். நெருங்கி எடுத்த படத்தில், வெளுத்ததில் கண்ணாடிபோன்ற சதையும் பாலிப்பின் உணர்கொம்புகளும் தெரியும். செத்ததில் கிண்ணத்தின் சுண்ணாம்புச் சுவர்கள் கூர்மையாக வெறுமனே நிற்கும், சில நாளில் மெல்லிய பாசிப் படலமும் ஏறியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பதிவு செய்யாத வெளுப்புக் கணக்கெடுப்பை நம்பி எதுவும் சொல்ல முடியாது. வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சதுரப் படத்தை அடுத்து ஒரு நெருக்கப் படம் என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நெருங்கும்போது கேமராவின் நிழலே பவளத்தின் மேல் விழும். ஃபிளாஷைப் பரப்பித் தரும் எஃப்டி-1 என்ற துணைக்கருவி இதற்கு உதவும். எல்ஜி-1 என்ற எல்இடி வளையம் ஆய்வக மேசையில் இன்னும் அருமையாக இருக்கிறது. பவளக் குஞ்சுகள் ஒட்டுவதற்காகக் கடலில் வைத்த ஓடுகளை எடுத்து வந்து, கடல்நீர் நிரப்பிய தட்டில் வைத்து, ஒன்றிரண்டு மி.மீ. அளவுள்ள குஞ்சுகளைத் தேடும் வேலைக்கு அதுவே போதுமான வெளிச்சம். பல ஃபோகஸ் தூரங்களில் எடுத்துத் தானே ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் வசதியும் மேசையில்தான் பயன்படும். அலை ஆட்டும் இடத்தில் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிண்ணங்களுக்கு இரட்டைக் கோடு விழும். அந்தப் படத்தில் எதையும் அளந்துவிடாதீர்கள்.

நிறம்தான் அடுத்த பெரிய விஷயம், பலர் கோட்டை விடுவதும் இதில்தான். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது. மூன்று மீட்டரிலேயே பழுப்புப் பவளம் பச்சை தட்டும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்திலும் எது அதிகம் இருக்கிறதோ அதைப் பார்த்து நிறத்தைத் திருத்தும். மணல் நிறைந்த சட்டத்தில் ஒரு நிறம், பாசி நிறைந்த சட்டத்தில் இன்னொரு நிறம். அந்தப் படங்களை வைத்து 'இந்த ஆண்டு நிறம் மங்கியிருக்கிறது' என்று எழுதினால் அது பவளத்தின் நிறமா, கேமராவின் ஊகமா? ஆழம் மாறும்போதெல்லாம் சாம்பல் அட்டையைக் காட்டி ஒயிட் பேலன்ஸைக் கையால் பதியுங்கள்; கூடவே கேமரா திருத்தாத ரா கோப்பையும் சேமியுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் நிற அட்டை 1 முதல் 6 வரை அடர்த்தி காட்டும். அதையும் படத்துக்குள் வைத்தால் கணினியில் திருத்தும்போது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கும். கேமராவில் உள்ள கடலடிக் காட்சி நிலைகள் கண்ணுக்கு இனிமையான நீலத்தைத் தருகின்றன. நண்பர்களுக்கு அனுப்ப அவை நன்று, கணக்கெடுப்புக்கு வேண்டாம்.

வெளுத்த பவளம் படத்தில் வெடித்த வெள்ளையாக விழுந்துவிட்டால் அதற்குள் எந்தத் தகவலும் மிஞ்சாது. எக்ஸ்போஷரைக் கட்டை விரலால் குறைக்கும் சக்கரம் டிஜி-6இன் மேல்பக்கத்திலேயே இருக்கிறது. வெளுப்புக் காலத்தில் அதை ஒன்று அல்லது இரண்டு படி கீழே வைத்தே எடுங்கள். வெயில் நேரத்தில், இரண்டு மீட்டருக்கும் குறைந்த தண்ணீரில், சிற்றலைகள் குவிக்கும் ஒளிக்கோடுகள் பாரின் மேல் ஓடும். அவையும் வெள்ளைப் பவளம்போல எண்ணப்பட்டுவிடும். மெல்லிய மேகம் மூடிய நேரமே இந்த வேலைக்குப் பொன்னான நேரம். ஏப்ரல் நடுவில் இந்த அட்சரேகையில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், நண்பகலில் கேமராவின் நிழல் சட்டத்துக்கு நடுவிலேயே விழும். காலை பத்தரைக்குள்ளோ, பிற்பகல் இரண்டுக்கு மேலோ எடுத்தால் நிழல் சட்டத்துக்கு வெளியே நகர்ந்துவிடும்.

கேமராவின் ஃபிளாஷைச் சதுரப் படத்துக்குப் போடவே கூடாது. விளக்கு லென்ஸை ஒட்டி இருப்பதால், நடுவிலுள்ள 75 செ.மீ. தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு வெள்ளைப் புள்ளியாகும். தென்கடலில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது மிக மோசம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே படக் கணக்கெடுப்பு வைப்பதே வீண், தண்ணீரே தெரியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெளிவு கிடைக்கும்.

ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வசதி டிஜி-6இல் இல்லை. பி (வேகம், துளை இரண்டும் தானாக), ஏ (துளை மட்டும் நம் கையில்) என்ற இரண்டு நிலைகள்தான். அலை ஆட்டும் இடத்தில் நொடியில் 125இல் ஒரு பங்குக்குக் குறைந்தால் படம் இழுபடும். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 400இல் நிறுத்தி வைத்தால், வெயில் உள்ள இரண்டு மூன்று மீட்டரில் கேமரா தானாகவே போதிய வேகத்துக்குப் போய்விடும். 200க்குக் கீழே விட்டால் படம் இன்னும் சுத்தமாக வரும் என்று ஆசைப்பட வேண்டாம். குருணை விழுந்த படத்தில்கூடப் புள்ளி வைத்துப் பவளத்தை எண்ணலாம், இழுபட்ட படத்தில் முடியாது.

சி1, சி2 என்ற இரண்டு நினைவு நிலைகள் டயலிலேயே இருப்பது கடலுயிரியலாளருக்கு இந்தக் கேமரா செய்யும் பேருதவி. சி1இல் சதுரப் படத்துக்கான அமைப்பைப் போடுங்கள்: ஏ நிலை, ஃபிளாஷ் இல்லை, ஐஎஸ்ஓ 400, கையால் பதிந்த ஒயிட் பேலன்ஸ், ராவும் ஜேபெக்கும், ஜூம் முழு அகலம். சி2இல் நெருக்கப் படத்துக்கானதை. தண்ணீருக்கடியில் மெனுவுக்குள் நுழையாமல் ஒரே திருப்பில் மாறலாம். நெருக்கப் படத்துக்கு ஜூம் செய்துவிட்டு அதை மறந்து அடுத்த சட்டத்தை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சட்டத்தின் நான்கு மூலையும் திரையில் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஸ்லீப் நேரத்தையும் நீட்டி வையுங்கள்.

கேமராவின் பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் ஜிபிஎஸ், ஆழமானி, வெப்பமானி பற்றி எச்சரிக்க வேண்டும். ஜிபிஎஸ் தண்ணீருக்கடியில் வேலை செய்யாது. கடைசியாக மேலே பிடித்த இடமே படத்தில் ஒட்டிக்கொண்டால், நீரோட்டத்தில் நகர்ந்து எடுத்த படத்துக்குத் தவறான இடம் பதிந்திருக்கும். மிதவையில் கட்டிய கையடக்க ஜிபிஎஸ்ஸே நம்பகமானது. அதன் கடிகாரத்தோடு கேமராவின் கடிகாரத்தை அன்று காலையிலேயே நொடி வரை ஒத்துப் பாருங்கள். ஆழமானி, ஹவுசிங் இல்லாதபோது உதவும். ஹவுசிங் போட்டுவிட்டால் கேமராவைச் சுற்றி இருப்பது மேலிருந்து கொண்டுவந்த காற்று. கடலின் அழுத்தம் அதற்குத் தெரியவே தெரியாது. வெப்பமானியும் அப்படியே, ஹவுசிங் இல்லாவிட்டாலும் கேமராவின் சொந்தச் சூடு அதில் கலந்துவிடும். வெளுப்பு ஆய்வில் பாதி டிகிரிக்கு அர்த்தம் உண்டு. பாரில் நிரந்தரமாகக் கட்டி வைக்கும், வெப்பத்தைப் பதியும் டேட்டா லாகரின் இடத்தை இந்த எண்ணால் நிரப்பாதீர்கள். டிஜி-6இன் மேல்பக்கத்தில் உள்ள லாக் (LOG, பதிவு) சுவிட்சை அணைத்தே வையுங்கள். கேமராவை நிறுத்திய பின்பும் அது ஓடிக்கொண்டிருந்து பேட்டரியைக் குடித்துவிடும்.

எல்ஐ-92பி பேட்டரி ஒன்றுக்கு 340 படங்கள் என்பது நிறுவனம் சொல்லும் எண். திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் கடல்வேலையில் அதை எதிர்பார்க்காதீர்கள். நாளுக்கு இரண்டு பேட்டரி, அவசரத்துக்கு மூன்றாவது. மதியம் தீவில் கரையேற அனுமதி இல்லாத நாளில் பேட்டரி மாற்ற உலர்ந்த இடமே கிடைக்காது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹவுசிங் தேவையா? பிடி-059 என்ற நிறுவனத்தின் சொந்த ஹவுசிங் 45 மீட்டர் வரை போகும். விலை கேமராவின் விலையில் பாதிக்கு மேல். மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி தீவோரத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு அவசியமில்லை. ஸ்கூபாவில் ஆழமான பார்களுக்குப் போகிறவர்களும், வெளியே தனி ஸ்ட்ரோப் விளக்கு பொருத்த விரும்புகிறவர்களும் வாங்க வேண்டும். கேமராக் கதவில் தண்ணீர் புகும் கவலைக்கும் அது இரண்டாவது காவல். அதை மூடும் இடம் முக்கியம்: கடற்கரைப் புழுக்கத்தில் மூடினால் அந்த ஈரக் காற்றே தண்ணீருக்கடியில் கண்ணாடியில் படியும். ஏசி அறையில் மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கொண்டுவாருங்கள். ஓ-ரிங்குக்கு நிறுவனம் சொல்லும் கிரீஸ்தான். பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். அதிகம் பூசினால் மணலை அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஹவுசிங் இல்லாமல் எடுப்பவர்கள் முன்கண்ணாடியைக் காக்க சிஎல்ஏ-டி01 வளையம் போட்டு 40.5 மி.மீ. ஃபில்டர் ஒன்று மாட்டலாம். தண்ணீருக்குள் இறங்கியதும் கேமராவைக் கவிழ்த்து ஆட்டி, ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே நிற்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள். படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் காரணம் அநேகமாக அந்தக் குமிழிதான்.

கோப்ரோவோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் நிறைய. 20 மீட்டர் நாடாவின் மேல் நீந்திக்கொண்டே வீடியோ எடுத்துவர கோப்ரோ நல்லது. அகலமாகப் பார்க்கும், சின்னது, தலையில்கூடக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஃபோகஸ் நிலையானது என்பதால் மிக நெருங்கி வரும் எதுவும் தெளியாது. பவளக் குஞ்சு, கடல் நத்தை, நோய்த் தழும்பின் விளிம்பு, இவற்றுக்கெல்லாம் டிஜி-6தான். மீன் கணக்கெடுப்புக்கு இரண்டுமே சுமார். அங்கே பயிற்சி பெற்ற கண்ணும் பென்சிலும் போதும்.

எடுத்த படங்களை அன்று மாலையே இரண்டு டிஸ்கில் நகலெடுத்த பிறகே கார்டை அழியுங்கள். மூலக் கோப்பின் பெயரை மாற்றாமல், நகலுக்குத் தீவு, தேதி, டிரான்செக்ட் எண், சட்ட எண் என்று பெயர் கொடுங்கள். ஒவ்வொரு டிரான்செக்டின் முதல் படம் அடையாளப் பலகையின் படமாகவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி வாங்கியதை வைத்து ஆய்வு செய்யாதீர்கள். அது படத்தைச் சுருக்குவதோடு நேரம், அமைப்பு எல்லாவற்றையும் உரித்துவிடும். சிபிசிஇ, கோரல்நெட் போன்ற பட ஆய்வு மென்பொருளில் புள்ளி போட்டு எண்ணும்போது, ஒரு படத்துக்கு நூறு புள்ளி போட்டுப் பத்து படம் எண்ணுவதைவிட ஐம்பது புள்ளி போட்டு இருபது படம் எண்ணுவது மேல். ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே பவளக் கூட்டத்தில் விழுவதால், புள்ளி கூடுவது துல்லியத்தைக் கூட்டுவதில்லை. பேட்டரியையும் நேரத்தையும் அதிகப் படங்களுக்குச் செலவிடுங்கள்.

முதல்முறை பவளத் திட்டம் எழுதும் ஆய்வு மாணவர்களுக்கும் சிறிய கல்லூரித் துறைகளுக்கும் இந்தக் கேமராவைத் தயங்காமல் சொல்வோம். இனம் வரை படத்திலேயே முடிவு செய்ய வேண்டிய வகைப்பாட்டு வேலைக்கும், பாரை முப்பரிமாணமாக உருவாக்கும் வேலைக்கும் சொல்ல மாட்டோம். பழையதாக வாங்குவதானால் இரண்டு கதவையும் திறந்து உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஹவுசிங்கையும் சேர்த்து வாங்கினால் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு உலர்ந்த டிஷ்யூ தாளை வைத்து மூடி, எடை கட்டி, மூன்று மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். தாளின் ஒரு ஓரம் நனைந்திருந்தாலும் ஓ-ரிங்கை மாற்றி மறுபடி சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.